எட்டில் நின்று ஐந்து குதி

பன்னிரண்டு என்றாள் பாப்பா

மாலை நேரம். வேலை முடிந்து அப்பா வீட்டுக்கு வந்தார். அவர் சந்தையில் மூட்டை தூக்கும் தொழிலாளி. கை கால் கழுவிவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்தார். பக்கத்தில் பாப்பா சிலேட்டை மடியில் வைத்திருந்தாள். அவளுக்கு வயது ஏழு. இரண்டாம் வகுப்பில் படிக்கிறாள்.

சிலேட்டில் கணக்கு எழுதியிருந்தது. முதல் கணக்கு 8 + 5.

"எவ்வளவு?" என்று கேட்டார் அப்பா.

பாப்பா விரல்களை மடக்கினாள். உதடுகள் அசைந்தன. "பன்னிரண்டு" என்றாள்.

"நல்லா எண்ணு."

மறுபடியும் விரல்களை மடக்கினாள். மறுபடியும் பன்னிரண்டு.

அடுத்த கணக்கு 6 + 3. "எட்டு" என்றாள். அதற்கு அடுத்தது 11 - 4. அதற்கும் "எட்டு" என்றாள்.

அப்பாவுக்குக் கோபம் வந்தது. கையை ஓங்கினார். பிறகு என்ன நினைத்தாரோ, கையைக் கீழே போட்டார்.

"இவளுக்குப் படிப்பு ஏறாது" என்றார் அம்மாவைப் பார்த்து. "எதற்கு வீணா பள்ளிக்கூடம்? வீட்டில் இருக்கட்டும். தம்பியைப் பார்த்துக்கொள்ளட்டும். நீயும் ஏதாவது வேலைக்குப் போகலாம்."

பாப்பா சிலேட்டை மார்போடு சேர்த்து அணைத்துக்கொண்டாள்.

அம்மா பதில் பேசவில்லை. அவளுக்குத் தன் சிறுவயது நினைவுக்கு வந்தது. "படிப்பு ஏறாது." இதே சொல்லை அவளும் கேட்டிருக்கிறாள். இதே ஏழு வயதில்தான். அன்று அவள் இடுப்பில் ஏறிய தம்பிக்கு இப்போது கல்யாணம் ஆகிவிட்டது. அவள் எழுத்துக் கற்றுக்கொண்டது முப்பது வயதுக்கு மேல், கற்போர் மையத்தில்.

ஏறாது என்று சொன்னார்கள். எந்த இடத்தில் ஏறவில்லை என்று யாரும் பார்க்கவில்லை.

மூன்று விடைகள்

மறுநாள் மாலை அம்மா கற்போர் மையத்துக்குப் போனாள். அங்கே பாடம் நடத்தும் தன்னார்வலரிடம் நடந்ததைச் சொன்னாள். அவர் ஒரு தாளை எடுத்துக் கொடுத்தார்.

"அக்கா, பாப்பா சொன்ன விடைகளை எழுதுங்க. பக்கத்திலேயே சரியான விடையையும் எழுதுங்க."

அம்மா எழுதினாள்.

8 + 5: பாப்பா சொன்னது 12. சரியான விடை 13.
6 + 3: பாப்பா சொன்னது 8. சரியான விடை 9.
11 - 4: பாப்பா சொன்னது 8. சரியான விடை 7.

"என்ன தெரியுது?" என்று கேட்டார் தன்னார்வலர்.

அம்மா தாளையே பார்த்தாள். "எல்லாமே ஒன்றுதான் தள்ளி இருக்கு."

"ஆமாம். ஒன்றுமே தெரியாத பிள்ளை வாய்க்கு வந்ததைச் சொல்லும். இருபது என்று சொல்லும், ஐந்து என்று சொல்லும். பாப்பா அப்படிச் சொல்லலை. எண்ணத்தான் செய்கிறாள். எண்ணும்போது ஏதோ ஒரு இடத்தில் சறுக்குகிறாள். அது மனசுக்குள்ளே நடக்குது. நமக்குத் தெரிய மாட்டேங்குது. அவளை எழுந்து நின்று உடம்பால் கணக்குப் போடச் சொல்லுங்க. அப்போது கண்ணால் பார்க்கலாம்."

முற்றத்தில் போட்ட கோடு

அடுத்த நாள் காலை. முற்றத்தைக் கூட்டி அம்மா கோலப்பொடியை எடுத்தாள். கோலம் போடவில்லை. நீளமாக ஒரு கோடு போட்டாள். பாப்பாவின் ஒரு தாவலுக்கு ஒரு குறி என்று வைத்தாள். குறிகளுக்குப் பக்கத்தில் 0 முதல் 20 வரை எண்களை எழுதினாள்.

"பாப்பா, எட்டில் போய் நில்."

பாப்பா ஓடிப் போய் எட்டில் நின்றாள்.

"அங்கிருந்து ஐந்து குதி. சத்தமா எண்ணிக்கொண்டே குதி."

பாப்பா எட்டில் நின்றபடியே "ஒன்று" என்றாள். பிறகு குதித்தாள். "இரண்டு." குதித்தாள். "மூன்று." குதித்தாள். "நான்கு." குதித்தாள். "ஐந்து." நின்ற இடம் பன்னிரண்டு.

அம்மாவுக்கு விளங்கிவிட்டது.

"ஒன்று என்று சொன்னாயே, அப்போது குதித்தாயா?"

பாப்பா யோசித்தாள். "இல்லை. சும்மா நின்றேன்."

"நின்றால் அது குதியா?"

பாப்பாவுக்குச் சிரிப்பு வந்தது. திரும்பி ஓடினாள். எட்டில் நின்றாள். வாயை மூடிக்கொண்டாள். ஒரு குதி குதித்த பிறகுதான் "ஒன்று" என்றாள். ஐந்தாவது குதியில் பதின்மூன்றில் நின்றாள்.

விரல் விட்டு எண்ணும்போதும் அவள் இதையேதான் செய்துகொண்டிருந்தாள். எட்டு என்று சொல்லி முதல் விரலை மடக்கினாள். எட்டு, ஒன்பது, பத்து, பதினொன்று, பன்னிரண்டு. ஐந்து விரல் தீர்ந்துவிட்டது. ஏற்கெனவே கையில் இருந்த எட்டையே புதிதாக வந்த ஒன்றாக எண்ணிவிட்டாள். கழித்தலிலும் அப்படித்தான். பதினொன்று, பத்து, ஒன்பது, எட்டு என்று நான்கு விரலை மடக்கி, எட்டு என்றாள். ஒரே ஒரு தவறு. அதுதான் எல்லாக் கணக்கையும் கெடுத்தது. சிறு பிள்ளைகள் பலர் செய்கிற தவறு இது.

அன்று மாலை அப்பா வந்தார். முற்றத்தில் கோடு இருந்தது. பாப்பா குதித்துக்கொண்டிருந்தாள்.

"படிக்கச் சொன்னால் ஆட்டமா?" என்றார்.

"ஏங்க, ஒன்று கேட்கிறேன்" என்றாள் அம்மா. "லாரியிலிருந்து எட்டு மூட்டை இறக்கியாச்சு. அடுத்த மூட்டையைத் தூக்கும்போது என்ன எண்ணுவீங்க?"

"ஒன்பது."

"எட்டு என்று எண்ணினால்?"

"ஒரு மூட்டைக் கூலி போயிடும்."

"பாப்பாவுக்கு அந்த ஒரு மூட்டைதான் போய்க்கொண்டிருந்தது."

அப்பா கோட்டைப் பார்த்தார். பாப்பாவைப் பார்த்தார். "எங்கே, ஆறில் நில்" என்றார். "மூன்று குதி."

பாப்பா ஒன்பதில் போய் நின்றாள்.

உடம்பால் கற்பது

சிறு பிள்ளையால் ஒரே இடத்தில் நெடுநேரம் உட்கார முடியாது. அது குறும்பு அல்ல, வளரும் உடம்பின் இயல்பு. பிள்ளை தொட்டு, தூக்கி, ஏறி, ஓடி உலகத்தை அறிகிறது. மேடு என்ற சொல்லுக்கு முன்னால் மேட்டில் ஏறும் மூச்சு வாங்கல் அதற்குத் தெரியும். தூரம் என்ற சொல்லுக்கு முன்னால் கால்வலி தெரியும்.

உலக சுகாதார நிறுவனம் இதற்கு ஓர் அளவு சொல்லியிருக்கிறது. 3, 4 வயதுப் பிள்ளைகள் நாள் முழுவதுமாகச் சேர்த்துக் குறைந்தது 180 நிமிடம் ஓடி ஆட வேண்டும். அதில் 60 நிமிடமாவது வேகமான ஆட்டமாக இருக்க வேண்டும். இது 2019-இல் சொன்னது. 5 முதல் 17 வயது வரை உள்ளவர்களுக்கு ஒரு நாளைக்குச் சராசரியாக 60 நிமிடமாவது உடல் உழைப்போ விளையாட்டோ வேண்டும். இது 2020-இல் சொன்னது.

"இவ்வளவு நேரம் ஆடினால் படிப்பு என்ன ஆவது?" என்று பெற்றோர் கேட்பது நியாயம்தான். பல நாடுகளில் இதை ஆராய்ந்திருக்கிறார்கள். பள்ளியில் உடற்பயிற்சிக்கு நேரம் ஒதுக்கியதால் படிப்பு கெட்டுப்போனதாகத் தெரியவில்லை. ஓடி ஆடிவிட்டு வந்த பிள்ளைகள் பாடத்தில் கூடுதலாகக் கவனம் வைப்பதைப் பல இடங்களில் கண்டிருக்கிறார்கள்.

பாடத்தையே ஆட்டத்துக்குள் வைத்தால் இன்னொரு நன்மையும் உண்டு. அதை அம்மா முற்றத்தில் கண்டாள். பிள்ளை உட்கார்ந்து விடை சொல்லும்போது விடை மட்டும்தான் நமக்குத் தெரியும். குதித்துச் சொல்லும்போது விடைக்குப் போன வழியும் தெரியும்.

மீசை வைத்த அம்மா

இந்த வழி நம் நாட்டுக்குப் புதிது அல்ல.

குஜராத்தில் பாவ்நகர் என்ற ஊர் இருக்கிறது. அங்கே கிஜுபாய் பதேக்கா என்பவர் வாழ்ந்தார். அவர் 1885-இல் பிறந்தவர். வழக்கறிஞர் தொழில் செய்தவர். அதை விட்டுவிட்டுப் பிள்ளைகளுக்குக் கல்வி கொடுக்க வந்தார். 1920-இல் பாவ்நகரில் தட்சிணாமூர்த்தி பால மந்திர் என்ற பள்ளியைத் தொடங்கினார். அடியும் அதட்டலும் இல்லாத பள்ளி அது. கதை, பாட்டு, ஆட்டம், கைவேலை எல்லாம் அங்கே பாடம். பிள்ளைகளிடம் தாயைப் போல் பழகினார். அதனால் மக்கள் அவரை "மீசை வைத்த அம்மா" என்று அழைத்தார்கள்.

அவர் "திவாஸ்வப்னா" என்று ஒரு நூல் எழுதினார். பகல் கனவு என்பது அதன் பொருள். நான்காம் வகுப்பை ஓர் ஆண்டு தன் போக்கில் நடத்திப் பார்க்கும் ஆசிரியரின் கதை அது. அவர் கதையும் விளையாட்டுமாகப் பாடம் நடத்துகிறார். "இது படிப்பா?" என்று மற்றவர்கள் கேட்கிறார்கள். பாப்பாவின் அப்பா கேட்ட கேள்வியும் அதுதான்.

கிஜுபாய் 1939-இல் காலமானார்.

முற்றத்துக்கு வந்த பள்ளி

பாவ்நகரில் கிஜுபாயுடன் சேர்ந்து உழைத்தவர் தாராபாய் மோடக். அவர் 1945-இல் மகாராஷ்டிர மாநிலத்தில் போர்டி என்ற கடலோர ஊரில் பணியைத் தொடங்கினார். அவருடன் சேர்ந்தவர் அனுதாய் வாக். அனுதாய்க்குப் பதின்மூன்று வயதில் திருமணம் நடந்தது. சில மாதங்களிலேயே கணவரை இழந்தார். அதன் பிறகு படித்து ஆசிரியரானார்.

இருவரும் ஏழைப் பிள்ளைகளுக்காகப் பால்வாடி நடத்தினார்கள். ஆனால் வர வேண்டிய பிள்ளைகள் வரவில்லை. ஏன்? பெற்றோர் விடியும்போதே வேலைக்குப் போனார்கள். பெரிய பிள்ளைகள் தம்பி தங்கையைப் பார்த்துக்கொண்டார்கள். கூட்டிவர ஆள் இல்லை.

பிள்ளைகள் வரவில்லை என்று அவர்கள் பள்ளியை மூடவில்லை. பள்ளியையே பிள்ளைகளிடம் கொண்டுபோனார்கள். குடியிருப்பின் நடுவில், வீட்டு முற்றத்தில் பாடம் நடத்தினார்கள். மராத்தியில் அங்கண் என்றால் முற்றம். முற்றத்தில் நடந்ததால் அங்கன்வாடி என்று பெயர் வந்தது. பிறகு 1975 அக்டோபர் 2-ஆம் நாள் மத்திய அரசு ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தைத் தொடங்கியது. அதன் மையங்களுக்கும் அங்கன்வாடி என்ற பெயரே நிலைத்தது.

பின்னர் இருவரும் கோஸ்பாட் என்ற மலைப் பகுதிக்குப் போனார்கள். இன்று அது பால்கர் மாவட்டத்தில் இருக்கிறது. அங்கே வார்லி ஆதிவாசி மக்கள் வாழ்கிறார்கள். அவர்களுடைய பிள்ளைகள் பகலில் மாடு ஆடு மேய்த்தார்கள். பள்ளிக்கு வர நேரம் இல்லை. அதனால் மேய்ச்சல் புல்வெளியிலேயே பள்ளி நடந்தது. மேய்ச்சல் காட்டில் கல், இலை, விதை எல்லாம் கிடைக்கும். அவையே எண்ணிப் படிக்கும் பொருள்கள். விலை கொடுத்து வாங்கிய கருவிகளை அவர்கள் எதிர்பார்க்கவில்லை.

தாராபாய் 1973-இல் காலமானார். அனுதாய் 1992-இல் காலமானார்.

நாமும் செய்யலாம்

இந்த விளையாட்டுகளுக்குக் கோலப்பொடி, கரித்துண்டு, சிறு கற்கள் போதும். ஒவ்வொன்றையும் பத்து நிமிடம் ஆடினால் போதும்.

1. எண் கோடு. பாப்பா ஆடிய ஆட்டம் இது. கூட்டலுக்கு முன்னால் குதிக்க வேண்டும். கழித்தலுக்குப் பின்னால் வர வேண்டும். இரண்டிரண்டாகத் தாவினால் இரண்டாம் வாய்ப்பாடு வரும். மூன்று மூன்றாகத் தாவினால் மூன்றாம் வாய்ப்பாடு வரும். குதிப்பதற்கு முன் "எங்கே போய் நிற்பாய்?" என்று கேளுங்கள். சொல்லிவிட்டுக் குதிக்கட்டும். தான் சொன்னது சரியா என்று பிள்ளையே பார்த்துக்கொள்ளும்.

2. கூட்டம் சேரும் ஆட்டம். தெருப் பிள்ளைகள் சேர்ந்து வட்டமாக ஓட வேண்டும். ஒருவர் கை தட்டி "மூன்று!" என்பார். உடனே மூன்று மூன்று பேராகக் கைகோத்து நிற்க வேண்டும். பதினான்கு பேர் ஓடினால் நான்கு கூட்டம் சேரும். இரண்டு பேர் மிச்சம். இதுதான் வகுத்தல். மிச்சம் நின்ற இருவரையும் வெளியே அனுப்ப வேண்டாம். அடுத்த எண்ணை அவர்கள் சொல்லட்டும்.

3. கோ-கோ வரிசை. கோ-கோ ஆட்டத்தில் எட்டுப் பேர் வரிசையாக உட்காருவார்கள். ஒருவர் இந்தப் பக்கம் பார்ப்பார். அடுத்தவர் அந்தப் பக்கம் பார்ப்பார். ஒன்று முதல் எட்டு வரை எண் சொல்லச் சொல்லுங்கள். 1, 3, 5, 7 ஒரு பக்கம் பார்த்திருக்கும். 2, 4, 6, 8 மறுபக்கம் பார்த்திருக்கும். ஒற்றைப்படை, இரட்டைப்படை என்றால் என்ன என்று பிள்ளை தன் முதுகாலேயே தெரிந்துகொள்ளும்.

4. எழுத்தில் நடப்பது. தரையில் பெரிய "ட" எழுதுங்கள். பிள்ளை மேலிருந்து கீழே நடக்கட்டும். பிறகு வலப்பக்கம் திரும்பி நடக்கட்டும். "ட" முடிந்தது. அங்கிருந்து மேலே திரும்பி நடந்தால் "ப" ஆகிவிடும். நடந்த பிறகு அதே எழுத்தை விரலால் மணலில் எழுதட்டும். பிறகு சிலேட்டில் எழுதட்டும். எங்கே தொடங்கி எப்படித் திரும்புவது என்பது மறக்காது.

5. குறில் அடி, நெடில் அடி. குறிலுக்குச் சின்ன அடி வைக்க வேண்டும். நெடிலுக்கு நீண்ட அடி வைக்க வேண்டும். "கல்" என்றால் சின்ன அடி. "கால்" என்றால் நீண்ட அடி. படம், பாடம். மலை, மாலை. பிள்ளை சொல்லிக்கொண்டே நடக்கும். பல பிள்ளைகள் எழுதும்போது துணைக்காலை விட்டுவிடுவார்கள். காலால் வேறுபாட்டை உணர்ந்த பிள்ளை கையால் எழுதும்போதும் நினைவு வைக்கும்.

6. திசையும் அளவும். காலையில் சூரியனைப் பார்த்து நிற்கச் சொல்லுங்கள். முகம் கிழக்கு. முதுகு மேற்கு. இடக்கை வடக்கு. வலக்கை தெற்கு. "வடக்கே ஐந்து அடி, கிழக்கே மூன்று அடி" என்று சொல்லி நடக்க விடுங்கள். பிறகு முற்றத்தின் நீளத்தை அடியால் அளக்கட்டும். பிள்ளைக்கு அதிக அடி வரும். அம்மாவுக்குக் குறைந்த அடி வரும். முற்றம் ஒன்றுதான். அளவு ஏன் மாறுகிறது? எல்லாருக்கும் பொதுவாக மீட்டர் என்ற அளவு ஏன் வேண்டும் என்பது இங்கே புரியும்.

7. நெஞ்சுத் துடிப்பு. பிள்ளை அமைதியாக உட்காரட்டும். மணிக்கட்டில் நாடியைத் தொட்டு ஒரு நிமிடம் எண்ணுங்கள். பிறகு தெருமுனை வரை ஓடி வரட்டும். மறுபடியும் எண்ணுங்கள். இரண்டு எண்களையும் எழுதிக் கழித்துப் பார்க்கட்டும். ஓடும்போது இதயம் ஏன் வேகமாகத் துடிக்கிறது? உடம்புக்குக் கூடுதல் ரத்தம் தேவைப்படுகிறது. கணக்கும் அறிவியலும் ஒரே ஓட்டத்தில் கிடைக்கின்றன.

கவனிக்க வேண்டியவை

ஆட்டத்தோடு நிறுத்திவிடக் கூடாது. குதித்த கணக்கைக் கல்லால் வைத்துப் பார்க்க வேண்டும். பிறகு சிலேட்டில் எழுத வேண்டும். கடைசியில் குதிக்காமல், கல் இல்லாமல், மனத்தால் சொல்ல வேண்டும். உடம்பு, பொருள், எழுத்து, மனம். இந்த வரிசையில் போக வேண்டும். எழுத்து வரை போகாத ஆட்டம் வெறும் ஆட்டமாகவே நின்றுவிடும்.

தோற்றவர் வெளியே போகும் ஆட்டம் வேண்டாம். கணக்குச் சரியாக வராத பிள்ளைதான் முதலில் வெளியே போகும். அந்தப் பிள்ளைக்குத்தான் பயிற்சி அதிகம் தேவை. மற்றவர்கள் ஆட, அது ஓரமாக உட்கார்ந்திருக்கும்.

பயிற்சியைத் தண்டனை ஆக்கக் கூடாது. தவறாகச் சொன்னால் பத்துத் தோப்புக்கரணம், மைதானத்தைச் சுற்றி ஐந்து ஓட்டம் என்று சொல்வது இன்றும் சில இடங்களில் இருக்கிறது. இதனால் பிள்ளை பாடத்தையும் வெறுக்கும், ஓட்டத்தையும் வெறுக்கும்.

ஓட முடியாத பிள்ளையையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். கால் நடக்க முடியாத பிள்ளை எண் கோட்டில் கல்லைத் தள்ளிக் கணக்குப் போடலாம். பார்வை இல்லாத பிள்ளைக்குக் கயிற்றில் முடிச்சுகள் போட்டுக் கொடுக்கலாம். முடிச்சைத் தொட்டுத் தொட்டு எண்ணலாம்.

பெண் பிள்ளைகளைப் பாதியில் நிறுத்த வேண்டாம். எட்டு, ஒன்பது வயதானதும் "பொம்பளைப் பிள்ளைக்கு என்ன ஆட்டம்?" என்று கேட்கிறார்கள். தண்ணீர் எடுப்பதும் பிள்ளை தூக்குவதும் அவளுக்கு வந்து சேர்கின்றன. அது உடல் உழைப்புதான். ஆனால் விளையாட்டு ஆகாது.

பசித்த பிள்ளையை ஓட விடக் கூடாது. உச்சி வெயிலில் ஆட விடக் கூடாது. ஆட்டத்துக்கு முன் தரையில் முள், கண்ணாடித் துண்டு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். குடிக்க நல்ல தண்ணீர் வைத்திருக்க வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

இலவச கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009-இல் வந்தது. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. 6 வயது முதல் 14 வயது வரை உள்ள எல்லாப் பிள்ளைகளுக்கும் கல்வி உரிமை. தம்பியைப் பார்த்துக்கொள்வதற்காகப் பாப்பாவை நிறுத்தினால் அவளுடைய உரிமை பறிபோகிறது.

இந்தச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு பிள்ளைகளை அடிப்பதையும் மனம் நோகச் செய்வதையும் தடை செய்கிறது. பள்ளியில் விளையாட்டு மைதானமும் விளையாட்டுப் பொருள்களும் இருக்க வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது.

அரசுப் பள்ளியிலும் அரசு உதவி பெறும் பள்ளியிலும் பள்ளி மேலாண்மைக் குழு இருக்க வேண்டும். அதன் உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர்களும் பாதுகாவலர்களும். பாதிப் பேர் பெண்கள். மைதானத்தில் குப்பை கொட்டினாலும், விளையாட்டு நேரத்தை எடுத்துவிட்டாலும் அந்தக் குழுவில் பேசலாம்.

2022-இல் வந்த அடிப்படை நிலைக் கலைத்திட்டச் சட்டகம் 3 முதல் 8 வயது வரை உள்ள பிள்ளைகளுக்கு விளையாட்டு வழியில் கற்பிக்கச் சொல்கிறது. பாவ்நகரிலும் போர்டியிலும் பல ஆண்டுகளுக்கு முன்பே செய்து காட்டியதை இன்று நாடு முழுவதற்கும் சொல்கிறார்கள்.

மீண்டும் சிலேட்டு

மூன்று வாரம் ஆனது. முற்றத்துக் கோடு பலமுறை அழிந்தது. அம்மா பலமுறை போட்டாள். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் வந்தார்கள். பாப்பா முதலில் குதித்தாள். பிறகு கோட்டில் கல்லை நகர்த்தினாள். பிறகு சிலேட்டில் சின்னக் கோடு போட்டு விரலால் தாவினாள்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல முடியாது. பெரிய கழித்தல் இன்னும் அவளுக்குக் கடினம்தான். "ர", "ற" இரண்டையும் மாற்றி எழுதுகிறாள். ஆனால் அப்பா இப்போது கையை ஓங்குவதில்லை. "எப்படிப் போட்டாய்? செய்து காட்டு" என்று கேட்கிறார். பள்ளியை நிறுத்தும் பேச்சும் இல்லை.

ஒரு நாள் மாலை அப்பா சிலேட்டில் 8 + 5 என்று எழுதிக் கொடுத்தார். பாப்பா எழுந்திருக்கவில்லை. விரலையும் மடக்கவில்லை. அவளுடைய கால் கட்டைவிரல் மட்டும் தரையில் ஐந்து முறை மெல்லத் தட்டியது.

"பதின்மூன்று" என்றாள்.

தம்பி தவழ்ந்து வந்தான். முற்றத்துக் கோட்டில் எட்டாம் எண்ணின் மேல் உட்கார்ந்துகொண்டான். கையெல்லாம் கோலப்பொடி.

பேசிப் பார்ப்போம்

1. பாப்பா 9 + 4 எவ்வளவு என்று பழையபடி எண்ணியிருந்தால் என்ன விடை சொல்லியிருப்பாள்? ஏன்?
2. "படிப்பு ஏறாது" என்ற சொல்லை உங்கள் ஊரில் யாரைப் பார்த்துச் சொல்கிறார்கள்? ஆண் பிள்ளைகளையா, பெண் பிள்ளைகளையா?
3. பால்வாடிக்குப் பிள்ளைகள் வராதபோது தாராபாயும் அனுதாயும் என்ன செய்தார்கள்? உங்கள் ஊரில் பள்ளிக்கு வராத பிள்ளைகளுக்கு என்ன செய்யலாம்?
4. நீங்கள் சிறுவயதில் ஆடிய பாண்டி, நொண்டி, கபடி ஆகியவற்றில் என்னென்ன கணக்கு இருக்கிறது?

செய்து பார்ப்போம்

1. உங்கள் வீட்டு முற்றத்திலோ தெருவிலோ 0 முதல் 20 வரை எண் கோடு போடுங்கள். ஒரு பிள்ளையைக் குதிக்கச் சொல்லுங்கள். எண்ணத் தொடங்கும் இடத்தைக் கவனியுங்கள்.
2. குறில், நெடிலால் பொருள் மாறும் ஐந்து சோடிச் சொற்களை எழுதுங்கள். பிள்ளையோடு சேர்ந்து அடி வைத்துச் சொல்லுங்கள்.
3. உங்கள் ஊர்ப் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் யார் யார் இருக்கிறார்கள் என்று கேட்டு எழுதுங்கள். அடுத்த கூட்டம் என்று நடக்கும் என்றும் கேளுங்கள்.